கேரவனுக்கு வெளிக் கரண்ட் எடுக்கும் அடாப்டர்கள்: கன்னியாகுமரி மாவட்டத்துக்கு எது சரிப்படும்?

வண்டியின் பக்கவாட்டில் இருப்பது நீல நிற இண்டஸ்ட்ரியல் இன்லெட். கட்டடத்துச் சுவரில் இருப்பது நம்ம ஊர் மூணு பின் பவர் பிளக் சாக்கெட். இரண்டையும் இணைக்கும் ஒரு முழ நீள வயரைப் பற்றியதுதான் இந்த மதிப்புரை.

முட்டம், சொத்தவிளைப் பக்கம் ரிசார்ட் வளாகம், திற்பரப்பு, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து ஹோம்ஸ்டே, கன்னியாகுமரியில் லாட்ஜ் பார்க்கிங் என்று எங்கே நிறுத்தினாலும், பெரும்பாலும் கைக்குக் கிடைப்பது செக்யூரிட்டி அறையிலோ மோட்டர் ரூமிலோ இருக்கும் ஒற்றைச் சாக்கெட்தான். ஐரோப்பிய கேம்ப்கிரவுண்டுகளில் நிலைமை வேறு. அங்கே பின்பற்றப்படும் ஐஇசி 60364-7-708 விதிப்படி ஒவ்வொரு வண்டிக்கும் தனிச் சாக்கெட், தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேல் ஒன்றரை மீட்டருக்குள் உயரம், ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி பிரேக்கர், தனியாக 30 மில்லிஆம்ப் ஆர்சிடி, அதாவது கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் கருவி. வெறும் வயரைக் கொண்டுபோய்ச் சொருகினாலே போதும். இங்கே அந்தச் சாக்கெட் கம்பத்துக்குள் இருக்க வேண்டியதை எல்லாம் நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அதனால் அடாப்டரை எடை போடும்போது பின் பொருந்துகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. சுவருக்குப் பின்னால் இல்லாத பாதுகாப்பை அது கொண்டுவருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 16 ஆம்ப் பிளக், 2.5 ஸ்கொயர் எம்எம் வயர், நடுவில் 16 ஆம்ப் 30 மில்லிஆம்ப் ஆர்சிபிஓ (அதிக லோடு, கசிவு இரண்டுக்கும் துண்டிக்கும் கருவி) வைத்த பெட்டி, முனையில் நீல கனெக்டர்: வாங்க வேண்டியது இதுதான். கடையில் அப்படியே கிடைக்காவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துக் கட்டிக்கொள்ளலாம். ஆர்சிபிஓ இல்லாத ரெடிமேட் குட்டை வயர், வண்டிக்குள் நல்ல ஆர்சிசிபி (கசிவுக்கு மட்டும் துண்டிப்பது) இருந்தால் மட்டும் பரவாயில்லை. 16 ஆம்ப் பின்னை 6 ஆம்ப் சாக்கெட்டில் ஏற்றும் கன்வெர்ஷன் பிளக்கை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அந்தக் கன்வெர்ஷன் பிளக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான். சின்ன வெள்ளைக் கட்டை. முன்னால் பெரிய துளைகள், பின்னால் சின்னப் பின்கள். 6 ஆம்ப் பின்னின் விட்டம் சுமார் 5 மில்லிமீட்டர், 16 ஆம்ப் பின்னின் விட்டம் சுமார் 7 மில்லிமீட்டர். பெரிய பின் சின்னத் துளைக்குள் போகாமல் இருப்பதே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. கன்வெர்ஷன் பிளக் விலைக்கு விற்பது அந்த ஏற்பாட்டை உடைக்கும் வசதியை. 6 ஆம்ப் என்றால் 230 வோல்ட்டில் 1,380 வாட். கேரவனில் ஏசியும் பேட்டரி சார்ஜரும் சேர்ந்து ஓடினால் அதைத் தாண்டிவிடும். இண்டக்‌ஷன் அடுப்பையும் போட்டால் கேட்கவே வேண்டாம்.

“அதற்குத்தான் எம்சிபி இருக்கிறதே, ட்ரிப் ஆகிவிடுமே” என்பார்கள். ஆகாது. வீட்டு போர்டில் அந்தச் சர்க்யூட்டுக்கு 16 ஆம்ப் எம்சிபி இருந்தால், அது 18 ஆம்ப்பை ஒரு மணி நேரம் விழாமல் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. 23 ஆம்ப் போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். 6 ஆம்ப் சாக்கெட்டின் பித்தளை இதழ்கள் அதற்குள் கருகிவிடும். எம்சிபி சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்றுவதற்காக இருக்கிறது; அடாப்டரின் பின்னைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. வேறு வழியே இல்லாமல் 6 ஆம்ப் சாக்கெட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால், 6 ஆம்ப் பிளக் போட்ட தனி அடாப்டரில் 6 ஆம்ப் ஆர்சிபிஓ இருக்க வேண்டும். அப்போது பேட்டரி சார்ஜர், லைட், ஃபேன், சின்ன ஃப்ரிட்ஜ் ஓடும். ஏசி ஓடாது. இதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு இரவைத் திட்டமிட வேண்டியதுதான்.

ரெடிமேட் குட்டை வயர் ஆன்லைனில் கிடைக்கிறது. ஒரு முனையில் மோல்டு செய்த 16 ஆம்ப் மூணு பின், மறு முனையில் நீல கனெக்டர், நடுவில் அரை மீட்டர் வயர். நீலம் என்பது 200 முதல் 250 வோல்ட்டுக்கான நிறம். மஞ்சள் 110 வோல்ட் வகைக்கும் சிவப்பு 400 வோல்ட் த்ரீ பேஸுக்கும் ஒதுக்கப்பட்டவை. ஐஇசி 60309 தரத்தில் செய்த நீல கனெக்டரில் எர்த் பின் மற்ற இரண்டையும்விடத் தடிமனாக, 6 மணி இடத்தில் இருக்கும். தவறாகத் திருப்பிச் சொருக முடியாது. வாங்கும்போது பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது, நீல முனை பெண் முனையாக இருக்க வேண்டும். வண்டியின் இன்லெட்டில்தான் ஆண் பின்கள் மூடிக்குள் பதுங்கியிருக்கும். இரண்டு பக்கமும் பின் நீட்டிக்கொண்டிருக்கும் வயரை யாராவது கட்டிக் கொடுத்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சுவரில் சொருகியதும் மறுமுனைப் பின்களில் உயிர்க் கரண்ட் வெறுமனே நிற்கும். இரண்டாவது, வயரின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு. 3 கோர் 2.5 ஸ்கொயர் எம்எம் என்று எழுதியிருக்க வேண்டும். “16 ஆம்ப்” என்று பிளக்கில் மட்டும் எழுதி, உள்ளே 1 அல்லது 1.5 ஸ்கொயர் எம்எம் வயர் போட்டு விற்பவை உண்டு. மூன்றாவது, பிளக்கில் ஐஎஸ் 1293 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும். நான்காவதை மல்டிமீட்டரின் கன்டினியூட்டி சத்தத்தில்தான் தெரிந்துகொள்ள முடியும்: பெரிய எர்த் பின்னிலிருந்து நீல முனையின் தடித்த துளை வரை, பேஸிலிருந்து எல் வரை, நியூட்ரலிலிருந்து என் வரை. நம்ம ஊர்ச் சாக்கெட்டை நேராகப் பார்த்தால் எர்த் மேலே, பேஸ் வலது, நியூட்ரல் இடது. பிளக்கில் பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தைப் பார்க்கும்போது இது இடம் மாறித் தெரியும் என்பதால், புதுசாகக் கட்டுகிறவர்கள் அடிக்கடி தடுமாறுவது இங்கேதான்.

கட்டிக்கொள்வது என்று முடிவெடுத்தால் சாமான்கள் குறைவுதான். ஹெவி டியூட்டி 16 ஆம்ப் பிளக் ஒன்று, 16 ஆம்ப் 2பி+இ 6எச் (இரண்டு பின்னும் எர்த்தும், எர்த் 6 மணி இடத்தில்) நீல கனெக்டர் ஒன்று, 2.5 ஸ்கொயர் எம்எம் 3 கோர் காப்பர் ஃப்ளெக்சிபிள் இரண்டு மீட்டர், நான்கு மாட்யூல் (ஒற்றை எம்சிபியின் அகலம் ஒரு மாட்யூல்) தண்ணீர் புகாத டிபி பெட்டி, வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் கேபிள் கிளாண்டு இரண்டு, பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே துண்டிக்கும் 16 ஆம்ப் ஆர்சிபிஓ. ரப்பர் உறை போட்ட வயர் கிடைத்தால் அதுவே நல்லது. வெயிலிலும் மடிப்பிலும் பிவிசியைவிட நீண்ட நாள் உழைக்கும். ஆர்சிபிஓ ஒன்றின் விலை மற்ற எல்லாச் சாமான்களின் கூட்டு விலையைத் தாண்டும். இந்தச் செலவில் கஞ்சத்தனம் காட்டினால் முழுச் செலவும் வீண். இன்வெர்ட்டர் ஏசியும் எலக்ட்ரானிக் சார்ஜரும் ஓடும் வண்டிக்கு டைப் ஏ வகை கேட்டு வாங்க வேண்டும். டைப் ஏசி என்று பெயரிட்ட சாதாரண வகை (இந்த ஏசி குளிர்சாதனம் அல்ல), துடிப்பாக வரும் டிசி கலந்த கசிவைச் சரியாக உணராது.

வயரைச் சீவும்போது எர்த் கம்பியை மற்றவற்றைவிட ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளமாக விட வேண்டும். யாராவது தடுக்கி வயர் பிடுங்கப்பட்டால் கடைசியாகக் கழலுவது அதுவாக இருக்கும். நூல் கம்பிகளின் முனைக்கு ஃபெரூல் (சின்ன உலோகக் குழாய்) போட்டு முறுக்க வேண்டும். ஈயம் பற்ற வைத்து முறுக்குவது பழைய வழக்கம், ஆனால் தவறு: ஈயம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாள்பட நெகிழ்ந்து ஒதுங்கும், பிடி தளரும், அந்த இடம் சூடாகும். கிளாண்டு வெளி உறையைப் பிடிக்க வேண்டும், உள் கம்பிகளை அல்ல. சில நாள் ஓடிய பிறகு எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு முறை இறுக்குவது அவசியம். புதுக் காப்பர் கொஞ்சம் உட்காரும்.

தளர்ந்த இணைப்பு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. பழைய சாக்கெட்டில் இதழ் விரிந்து, தொடும் இடத்தில் 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 13 ஆம்ப் ஓடும்போது அந்தப் புள்ளியில் மட்டும் 17 வாட் வெப்பம். சுவருக்குள் ஒரு சின்ன சால்டரிங் அயனை ஆன் செய்து இரவெல்லாம் விட்டதற்குச் சமம். எம்சிபியும் விழாது, ஆர்சிசிபியும் விழாது. இந்த ஒரு கோளாறை மட்டும் எந்தக் கருவியும் தானாகக் கண்டுபிடிக்காது. கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அடாப்டருக்கும் வண்டிக்கும் நடுவில் போடும் நீள வயர் பற்றிச் சுருக்கமாக. 25 மீட்டர், 2.5 ஸ்கொயர் எம்எம், அதற்கு மேல் வேண்டாம். போக வர 50 மீட்டர் காப்பர், தடை சுமார் 0.4 ஓம், 11 ஆம்ப்பில் நாலரை வோல்ட் குறையும், வயர் முழுக்க 48 வாட் சூடு. இதே நீளத்துக்கு 1 ஸ்கொயர் எம்எம் எக்ஸ்டென்ஷன் போட்டால் கிட்டத்தட்ட 11 வோல்ட் போகும், சூடு 118 வாட். விரித்துப் போட்டால் அது காற்றில் கலந்துவிடும். டிரம்மில் சுற்றியபடியே விட்டால் உள் சுற்றுகள் உருகி ஒட்டிக்கொள்ளும். எனவே டிரம் வாங்கினால் தேவை 5 மீட்டரே ஆனாலும் முழுவதையும் உருவி, வண்டிக்கு அடியில் தளர்வாக எட்டு வடிவில் போட வேண்டும். கல்யாண வீட்டு சீரியல் லைட்டுக்கு வாங்கிய ஜங்ஷன் பாக்ஸை இதற்கு இரவல் கேட்க வேண்டாம்.

இனி எர்த். இந்த மதிப்புரையில் அதிக இடம் எடுக்கப்போவது இதுதான்.

நம் வீடுகளில் பெரும்பாலும் எர்த் என்பது முற்றத்தில் குழி தோண்டி, பைப்போ தகடோ இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடியது. பிறகு அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சொத்தவிளை, சங்குத்துறை போன்ற மணல் பாங்கான கடற்கரை ஓரத்தில், மேல் மணல் காய்ந்து கிடக்கும் மாதங்களில், ஆழமில்லாத குழியின் தடை கடுமையாக ஏறும். மழைக் காலத்தில் அதே குழி நன்றாக வேலை செய்யும். குழியின் தடை 20 ஓம் என்று கொள்வோம். வண்டிக்குள் ஹீட்டர் காயில் வெடித்து பேஸ் பாடியைத் தொட்டால் ஓடக்கூடிய கரண்ட் 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்ப். 16 ஆம்ப் எம்சிபி இதை ஒரு சாதாரண லோடு என்றே எண்ணும். விழாது. வண்டியின் பாடி கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டில் நிற்கும், படியில் கால் வைப்பவர் ஈர மண்ணில் நிற்பார். இதே இடத்தில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இருந்தால் எர்த் 1,000 ஓம் ஆகவே இருந்தாலும், பாடியில் 30 வோல்ட் வருவதற்குள் துண்டித்துவிடும். நல்ல எர்த் இருந்தும் ஆர்சிசிபி இல்லாத இடத்தைவிட, சுமாரான எர்த்தும் வேலை செய்யும் ஆர்சிசிபியும் உள்ள இடம் பத்திரம். ஆர்சிபிஓ வைத்த அடாப்டருக்கு முதலிடம் தந்ததன் காரணம் இந்தக் கணக்குதான்.

எர்த்தே இல்லாத சாக்கெட் வேறு விஷயம். மூணாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. அடையாளம்: வண்டியின் கதவுப் பிடியைத் தொட்டால் மெல்லிய சுருக். சார்ஜர், டிவி போன்றவற்றின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எர்த் போக வழியில்லாமல் பாடியை 115 வோல்ட் அளவுக்கு மிதக்க விடுகின்றன. கரண்ட் அளவு குறைவு என்பதால் அந்தச் சுருக்கால் ஆள் சாக மாட்டார். ஆனால் அதற்கு அர்த்தம், உண்மையான கசிவு வரும் நாளில் அதற்கும் போக வழியில்லை, முதலில் தொடும் ஆள்தான் வழி என்பது. ஆர்சிசிபி அப்போதும் விழும். ஒருவர் உடம்பில் பாய்ந்த பிறகு விழும்.

ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, அது விழுந்ததும் “எர்த் ஓகே” என்று சொல்லும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தப் பட்டன் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகப் பேஸிலிருந்து நியூட்ரலுக்கு வழி கொடுத்துத்தான் சோதிக்கிறது. எர்த் கம்பியே இல்லாவிட்டாலும் அது அழகாக விழும். கருவி உயிரோடு இருக்கிறதா என்பதற்கு மட்டும் அது சாட்சி.

மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்க வேண்டும். பேஸ்–நியூட்ரல் 207-க்கும் 253-க்கும் நடுவில் இருக்க வேண்டும், அதாவது 230-க்கு மேலும் கீழும் 10 சதவீதம். பேஸ்–எர்த் ஏறத்தாழ அதே அளவு. நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். பேஸ்–எர்த் 60, 90, 120 என்று நிலையில்லாமல் ஆடினால் எர்த் கம்பி அறுந்திருக்கிறது. நியூட்ரல்–எர்த்தில் 230 காட்டினால் பேஸும் நியூட்ரலும் மாறியிருக்கின்றன. மாறினால் என்ன, ஏசி கரண்ட்தானே என்று விடக் கூடாது: வண்டிக்குள் ஒற்றைத் துருவ எம்சிபி இருந்தால் அது நியூட்ரலை மட்டும் துண்டிக்கும், ஆஃப் செய்த ஹீட்டருக்குள் பேஸ் அப்படியே நிற்கும்.

நான்காவதாக ஒரு சோதனை இருக்கிறது, இதைச் செய்பவர்கள் குறைவு. எர்த் இல்லாத வீட்டில் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு துண்டு வயரை லூப் போட்டு, டெஸ்டரில் எல்லாம் சரியாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டர் இதில் ஏமாந்துவிடும். கண்டுபிடிக்க, அதே பாயிண்டில் 1,500 வாட் கெட்டிலைப் போட்டுவிட்டு நியூட்ரல்–எர்த் அளவைப் பார்க்க வேண்டும். நேர்மையான எர்த் என்றால் லோடு ஏறும்போது ஒன்றிரண்டு வோல்ட்டாவது உயரும். அசையாமல் பூஜ்யத்திலேயே நின்றால் லூப் என்று சந்தேகிக்கலாம். அப்படிப்பட்ட சாக்கெட்டை விட்டுவிட வேண்டும். சர்வீஸ் நியூட்ரல் எங்காவது அறுந்த கணத்தில், வண்டிக்குள் ஓடும் சாமான் வழியாக வரும் பேஸ் அந்த லூப் வழியே எர்த் கம்பிக்கு ஏறி நேராக வண்டியின் பாடிக்கு வரும். ஆர்சிபிஓ அதைத் தடுக்காது. போன கரண்டும் வந்த கரண்டும் அதன் கணக்கில் சமமாகவே இருக்கும்; தவிர, எர்த் கம்பியை அது துண்டிப்பதும் இல்லை. இவ்வளவு பாராட்டிய கருவிக்கு உள்ள பெரிய ஓட்டை இது.

கெட்டில் ஓடும்போதே பேஸ்–நியூட்ரல் எவ்வளவு இறங்குகிறது என்றும் பார்த்துவிடலாம். 232 இருந்தது, ஆறரை ஆம்ப்புக்கு 219 ஆனால், அந்த லைனில் மொத்தம் 2 ஓம் தடை இருக்கிறது. அதில் ஏசியும் இன்னொரு சாமானும் சேர்த்து 12 ஆம்ப் இழுத்தால் 24 வோல்ட் போகும், கிட்டத்தட்ட 290 வாட் சுவருக்குள்ளோ சர்வீஸ் வயரிலோ எரியும். கெட்டிலுக்கு 5, 6 வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் ஏசியை மறந்துவிட்டு ஃபேனோடு படுப்பது நல்லது. தோட்டத்து வீடுகளில் போர்வெல் மோட்டரும் அதே லைனில் இருக்கும். அது கிளம்பும்போது இறங்கும் வோல்ட்டேஜையும் கவனிக்க வேண்டும்.

பெட்டியில் இடமிருந்தால் ஆர்சிபிஓவுக்குப் பக்கத்தில் ஒரு ஓவர்–அண்டர் வோல்ட்டேஜ் கட்டர் சேர்த்துக்கொள்வது இந்த மாவட்டத்துக்கு நல்ல முதலீடு. காற்றில் தென்னை மட்டை விழுந்து லைனில் நியூட்ரல் போனால், த்ரீ பேஸ் இணைப்புள்ள கட்டடத்தில் ஒரு சாக்கெட்டில் 230-க்குப் பதில் 400-ஐ நெருங்கும் வோல்ட்டேஜ் வரக்கூடும். கீழ் எல்லை 200, மேல் எல்லை 255, திரும்ப இணைக்கும் தாமதம் 180 விநாடி என்று வைத்தால், ஈபி கரண்ட் போய்ப் போய் வரும் இரவில் ஏசி கம்ப்ரசரும் தப்பிக்கும்.

இணைக்கும் வரிசை இது. வண்டிக்குள் எல்லாவற்றையும் ஆஃப் செய்து மெயினையும் இறக்கவும். சுவர் சாக்கெட்டைச் சோதிக்கவும். சுவர் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, நீள வயரை முதலில் வண்டியின் இன்லெட்டில் ஏற்றவும், பிறகு அடாப்டரின் நீல முனையில், கடைசியாகத்தான் சுவரில். சுவர் சுவிட்ச், ஆர்சிபிஓ, டெஸ்ட் பட்டன், திரும்ப ஆன், வண்டி மெயின். பிறகு சாமான்களை ஒவ்வொன்றாக. அரை மணி நேரம் கழித்துச் சுவர் பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு சரி, கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே லோடைக் குறைத்து சாக்கெட்டை மாற்ற வேண்டும். கழற்றும்போது சுவரில் முதலில். 32 ஆம்ப் இன்லெட் உள்ள பெரிய வண்டிக்கும் இதே முறைதான், நீல கனெக்டரை மட்டும் 32 ஆம்ப் அளவில் போட வேண்டும். ஆனால் ஆர்சிபிஓ 16 ஆம்ப்பிலேயே நிற்கட்டும்: வண்டி 7,360 வாட் கேட்கும்படி கட்டப்பட்டிருந்தாலும் சுவர் தருவது 3,680தான், அதுவும் நல்ல சுவராக இருந்தால். இரண்டு ஏசியில் ஒன்றைத்தான் ஓட்ட முடியும்.

மழை. இந்த மாவட்டம் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவத்தையும், அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கையும் இரண்டையுமே வாங்குகிறது. பேச்சிப்பாறை, திற்பரப்புப் பக்கம் கேட்கவே வேண்டாம். நீல கனெக்டரின் ஐபி 44 என்பது பிளக் முழுக்க ஏறி, மூடியின் கொக்கி பிடித்திருக்கும்போது நாலாபக்கமும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதுதான். தேங்கிய தண்ணீரில் கிடந்தால் தாங்காது. அதற்கு வளையம் திருகி இறுக்கும் ஐபி 67 வகை வேண்டும். மூணு பின் முனைக்கோ எந்தப் பாதுகாப்பும் கிடையாது. ஆகவே சுவர் முனை கூரைக்குள்ளேயே இருக்க வேண்டும், பெட்டியைத் தரையில் வைக்காமல் கொக்கியில் தொங்கவிட வேண்டும், இரண்டு பக்க வயரும் பெட்டிக்குக் கீழே இறங்கி வளைந்து ஏற வேண்டும், அப்போதுதான் தண்ணீர் வளைவில் சொட்டிப்போகும். ஜன்னல் வழியாக வயரை விட்டு அலுமினியச் சட்டத்தை இழுத்து மூடுவது உறையை நசுக்கும். இடி மின்னல் தொடங்கினால் சுவரிலிருந்தே பிடுங்கிவிட வேண்டும். ஆர்சிபிஓவை ஆஃப் செய்தால் போதாது.

உப்புக் காற்று மழையைவிட மெதுவாகக் கெடுக்கும். முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் கடலைப் பார்த்து நிறுத்தினால் பித்தளைப் பின்னில் பச்சையாகப் பூத்துவிடும். நிக்கல் பூச்சுள்ள பின் நீண்ட நாள் தாங்கும், வாங்கும்போதே அதைக் கேட்க வேண்டும். பூத்ததைக் காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துணியால் துடைக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பூச்சு போய்விடும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பூக்கும். தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் ஆர்சிபிஓவும் இந்தக் காற்றில் இறுகிப்போகும். டெஸ்ட் பட்டனை ஒவ்வொரு இணைப்பின்போதும் அழுத்துவது சோதனைக்கு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் நெம்புகோலை அசைத்து வைப்பதற்கும்தான்.

ஹோம்ஸ்டேயில் இன்வெர்ட்டர் இருந்தால், நாம் எடுக்கும் பாயிண்ட் அதன் லைனில் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஈபி போன நொடியில் கேரவன் ஏசி முழுவதும் அதன் தலையில் விழும், வீட்டு ஃபேனும் சேர்ந்து நிற்கும். கையில் தூக்கும் ஜெனரேட்டர் என்றால் இன்னொரு சிக்கல்: அதன் நியூட்ரல் பெரும்பாலும் எதனோடும் சேராமல் மிதக்கும், அதனால் முதல் கசிவுக்கு ஆர்சிபிஓ விழாது. நியூட்ரலையும் எர்த்தையும் ஜெனரேட்டரிலேயே முறையாக இணைத்த பிறகுதான் இந்த அடாப்டரின் பாதுகாப்பு வேலை செய்யும். அது எலக்ட்ரீஷியன் வேலை.

களியக்காவிளை வழியாகக் கேரளத்திலிருந்து வரும் வண்டிகளுக்கு அடாப்டரில் எந்த மாற்றமும் தேவையில்லை. அதே 230 வோல்ட், அதே மூணு பின். வெளிநாட்டிலிருந்து ஓட்டி வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஷூகோ பிளக்கின் இரண்டு பின்கள் நம்ம ஊர் 6 ஆம்ப் சாக்கெட்டின் கீழ்த் துளைகளில் ஏறிவிடும், இரண்டிலும் இடைவெளி 19 மில்லிமீட்டர்தான். எல்லாம் ஓடும், ஆனால் ஷூகோவின் எர்த் பக்கவாட்டுத் தகட்டில் இருப்பதால் எர்த் மட்டும் தொடாது. பிரிட்டிஷ் வண்டிக்காரர்கள் கொண்டுவரும் 13 ஆம்ப் அடாப்டரில் பிளக்குக்குள் ஃப்யூஸ் இருக்கும், நம்ம ஊர்ப் பிளக்கில் கிடையாது. பிளக்கை வெட்டி மாற்றினால் அந்த ஃப்யூஸும் போய்விடும், அந்த இடத்தை ஆர்சிபிஓ நிரப்ப வேண்டும். அமெரிக்க வண்டியின் 30 ஆம்ப் பிளக் 120 வோல்ட்டுக்கானது. அதற்கு இங்கே எந்த அடாப்டரும் தீர்வு அல்ல. பின்னை மாற்றி 230-ஐக் கொடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் புகையும். 3 கேவிஏ அளவில் ஸ்டெப்–டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதற்குப் பிறகும் 50 ஹெர்ட்ஸ், அவர்களுடைய 60 ஹெர்ட்ஸ் அல்ல என்பதால் பழைய ஏசியின் மோட்டர் மெதுவாகச் சுற்றிச் சூடாகும். பேட்டரி சார்ஜரை மட்டும் 230 வோல்ட் வகையாக மாற்றிவிட்டு, மற்றவற்றை வண்டியின் சொந்த இன்வெர்ட்டரில் ஓட்டுவது மலிவான வழி.

கடைசியாக ஒரு சின்ன சாமான்: பெட்டிக்குள் ஒரு மாட்யூல் அளவு யூனிட் மீட்டர். 1 டன் ஏசி இரவு முழுக்க ஓடினால் ஏறத்தாழ 6 முதல் 8 யூனிட் ஆகும். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும் என்பதால், வீட்டுக்காரர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. வந்ததும் மீட்டரைக் காட்டி, கிளம்பும்போது எண்ணிக் கொடுத்தால் பேச்சுக்கு இடமில்லை. ஆர்சிபிஓ இரண்டு மாட்யூல், வோல்ட்டேஜ் கட்டர் இரண்டு, மீட்டர் ஒன்று. நான்கு மாட்யூல் பெட்டியில் இதெல்லாம் அடங்காது, மூன்றும் வேண்டும் என்கிறவர்கள் ஆறு மாட்யூல் பெட்டியாகவே கேட்டு வாங்கலாம்.